கோட்டுக்கு இந்தப் பக்கம்

"மாஸ்டர், ஒரு கேள்வி" என்றாள் சுடர்க்கொடி.

"ஒண்ணுதானா?" என்றார் மாரிக்கனி.

ஆடுகளத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சுடர்க்கொடி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னால்கூட, ஏன் தான் தூக்க வேண்டும் என்று விவாதித்துவிட்டுத்தான் தூக்குவாள். ஆனால் தூக்கிவிடுவாள்.

மாரிக்கனிக்கு முப்பத்தோரு வயது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். மாநில அணிக்குக் கபடி ஆடியவர். முழங்கால் போன பிறகு, ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் மண் மைதானத்தில் பெண்களுக்குக் கபடி கற்றுக்கொடுக்கிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒரு பொம்பளையை எப்படி மாஸ்டர் என்று கூப்பிடலாம் என்று கேட்ட ஒருவருக்குச் சுடர்க்கொடி சந்தை வாசலிலேயே வைத்து விளக்கம் கொடுத்தாள். அவர் அதன் பிறகு அந்தப் பக்கம் தக்காளி வாங்க வருவதில்லை.

"கேளு."

"நாலு லட்சம் பேர் என் வீடியோவப் பாத்திருக்காங்க. எழுதினதெல்லாம் பெரும்பாலும் பாராட்டுதான். அப்புறம் ஏன் மாஸ்டர், நான் முன்ன இருந்ததவிடச் சின்னதாயிட்ட மாதிரி இருக்கு?"

மாஸ்டர் குனிந்து சுண்ணாம்புப் பொடிச் சட்டியை எடுத்தார். முந்தைய நாள் மழையில் நடுக்கோடு கரைந்து போயிருந்தது.

"கோடு போடணும். கயித்தப் பிடி."

"பதில் சொல்லுங்க மாஸ்டர்."

"கயித்தப் பிடிட்டி."

அவள் கயிற்றைப் பிடித்தாள். மாஸ்டர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை வெள்ளையாக ஒரு கோடு இழுத்தார். பிறகு பயிற்சி தொடங்கியது.

*

அந்த வீடியோ ஒன்பது வினாடி ஓடும்.

வேடசந்தூர் போட்டியில் எடுத்தது. சுடர்க்கொடி கபடி கபடி என்று பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் போகிறாள். ஒருத்தியைக் கையால் தொடுகிறாள். சட்டென்று திரும்பி இன்னொருத்தி தோளை. காலை நீட்டி மூன்றாவது ஒருத்தியை. அப்படியே நிமிர்ந்து நின்று, வலது தொடையில் ஓங்கி ஒரு தட்டு. கூட்டம் கத்துகிறது. வீடியோ முடிகிறது.

கபடி வீடியோக்களாகவே போடுகிற ஒரு பக்கம் அதை இசை சேர்த்து வெளியிட்டது. 'ஒட்டன்சத்திரத்துப் புலி' என்று தலைப்பு. முதல் இரண்டு நாளும் சுடர்க்கொடி தரையில் நடக்கவில்லை. விடுதியில் முகம் தெரியாத பெண்கள் வந்து கைகொடுத்தார்கள். சாப்பாட்டுக்கூடத்து அக்கா கூட ஒரு முட்டை அதிகம் வைத்தார்.

மூன்றாம் நாள் அவள் கீழே இருந்த கருத்துகளை முழுதாகப் படித்தாள்.

ராணி, தெய்வம், வேற லெவல் என்று வரிசையாக இருந்தது. நடுவில் ஒருவன், 'மூஞ்சியப் பாத்தா ராத்திரி தூக்கம் வராது' என்று எழுதியிருந்தான். இன்னொருவன், 'ஆம்பளையா பொம்பளையா, பந்தயம் கட்டுவோமா' என்று. தொடை தட்டியதைப் பற்றி எழுதியிருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நூறு பாராட்டுக்கு ஒன்று இந்த மாதிரி. அந்த ஒன்றைத்தான் அவள் மனப்பாடம் செய்தாள்.

அன்றிலிருந்து போனைத் திறந்தால் ஒரு முகக் கிரீம் வந்து நின்றது. 'வெயில் உங்கள் அழகைத் திருடிவிட்டதா?' என்று கேட்டது. மறுநாள் வேறொரு கிரீம். அதற்கு மறுநாள் கைகால் கறுமை நீக்கும் சோப்பு. அவள் மனதில் ஓடியதை அறைத்தோழியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. போனுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

பேருந்தில் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். பயிற்சிக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னடி, தேன் எடுக்கப் போறியா?" என்றாள் டெய்சி ராணி.

டெய்சி அணியின் இடது மூலையில் நின்று பிடிப்பவள். சந்தையில் அவள் அப்பாவுக்கு முருங்கைக்காய்க் கடை. கூட்டத்தில் யாரையாவது ஒருத்தரைக் கிண்டல் செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"வெயில்" என்றாள் சுடர்க்கொடி.

"நேத்துவரைக்கும் நிலா காஞ்சுச்சாக்கும்."

ஆட்டமும் மாறிப்போனது. எதிர்ப்பக்கம் போவாள், தொடுவாள், தொட்டதும் ஒரு கணம் நிற்பாள். வீடியோ எடுக்கிற டெய்சியின் போன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டுவாள். அந்த ஒரு கணத்துக்குள் அவளை மண்ணில் சாய்த்துவிடுவார்கள்.

மூன்றாம் முறை சாய்ந்தபோது மாஸ்டர் ஊதலை ஊதினார்.

"சுடரு. இனிமே தொடை தட்டக் கூடாது. நான் சொல்லுத வரைக்கும்."

சுடர்க்கொடி மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவள் முகம் சிவந்து போயிருந்தது.

"நீங்களும் கமெண்ட் படிச்சீங்களா மாஸ்டர்?"

"இல்ல."

"படிச்சிருக்கீங்க. பயந்துட்டீங்க. பசங்க தட்டினா வீரம், நாங்க தட்டினா மட்டும் அசிங்கமா? ஆடுகளத்துக்கு எதுத்தாப்புல இருக்கற டீக்கடையில உக்காந்துகிட்டு அவனவன் தொடையத் தட்டிப் பேசறான், அவனுக்கு யாராவது சொல்றாங்களா? என் தொடை. நான் ஓடி ஓடி வளத்தது. நான் தட்டுவேன். நீங்க தட்டாதேன்னு சொன்னா, அந்தக் கும்பலுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

"முடிச்சிட்டியா?"

"இல்ல. இன்னும் மூணு விஷயம் இருக்கு."

"ஓடிக்கிட்டே சொல்லு. மைதானத்தச் சுத்தி நாலு சுத்து."

அவள் ஓடிக்கொண்டே சொன்னாள். முதல் சுற்றில் பெண் உரிமை. இரண்டாம் சுற்றில் வரலாறு. மூன்றாம் சுற்றில் வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. நான்காம் சுற்றில் மூச்சு மட்டும்தான்.

"மூணாவது விஷயம் கேக்கல" என்றார் மாஸ்டர்.

சுடர்க்கொடி முழங்காலில் கையூன்றி நின்றபடி, "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கார் வந்து சந்தை லாரிகளுக்குப் பின்னால் நின்றது. கோயம்புத்தூரிலிருந்து அனுபமா என்ற பெண் இறங்கினார். 'வெண்முத்து' என்ற முகக் கிரீமின் விளம்பர வேலைகளைப் பார்ப்பவர். மண்ணில் குதிகால் செருப்பு புதைந்ததும், தயங்காமல் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பெண்களுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

"நீதான் அந்தப் பொண்ணா? வீடியோவ எங்க ஆபீஸே பாத்துச்சும்மா. என்ன ஒரு கான்ஃபிடன்ஸ்! அதுதான் எங்களுக்கு வேணும்."

அவர் கேட்டது எளிமையானது. அந்த வீடியோ போலவே ஒன்று எடுக்க வேண்டும். முதலில் இப்போது இருக்கிற முகம். பிறகு கிரீம் போட்ட முகம். கடைசியில் தொடையில் ஒரு தட்டு. சுடர்க்கொடிக்குப் பணம். அணிக்கு ஒரு மேட்.

"மேட்டா?" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பெரிய போட்டிகள் எல்லாம் இப்போது ரப்பர் விரிப்பு மேல்தான் நடக்கின்றன. மண்ணில் பழகியவர்கள் அதில் கால் வைத்தால் முதல் பத்து நிமிடம் தடுமாறுவார்கள். ஒட்டன்சத்திரத்துப் பெண்கள் ஒவ்வொரு வருடமும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தோற்றார்கள். ஒரு மேட் கேட்டு மாஸ்டர் ஏறாத அலுவலகம் இல்லை. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி, அதே வலியோடு இறங்கியிருக்கிறார்.

"நாளைக்குக் காலைல கேமராவோட வர்றோம். யோசிச்சு வைம்மா" என்று சொல்லிவிட்டு அனுபமா போனார்.

டெய்சி சுடர்க்கொடியின் கன்னத்தைப் பிடித்தாள். "இந்த மூஞ்சிக்கு ஒரு மேட்டாடி? என் மூஞ்சிய எடுத்துக்கச் சொல்லு, ரெண்டு முருங்கைக்காய்க் கட்டுக்கே தர்றேன்."

சுடர்க்கொடி சிரிக்கவில்லை. மாஸ்டரிடம் போனாள்.

"நீங்க என்ன சொல்றீங்க மாஸ்டர்?"

"முகம் யாருது?"

"என்னோடது."

"பொறவு என்கிட்ட ஏன் கேக்க?"

"மேட் அணிக்கு. நீங்க இத்தன வருஷமாக் கேட்டுட்டிருக்கீங்க. நான் வேண்டாம்னு சொல்லி, நாளைக்கு எல்லாரும் என்னத் திட்டினா? வேணும்னு சொல்லிட்டு எனக்கே பிடிக்காமப் போனா? அதுலயும் ஒரு நியாயம் இருக்கு, இதுலயும் ஒரு நியாயம் இருக்கு. யாரும் என்னக் கட்டாயப்படுத்தல. நானே விரும்பி ஒத்துக்கிட்டா அதுல என்ன தப்புன்னும் தோணுது."

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டெய்சியைக் கூப்பிட்டார்.

"அந்த வீடியோவப் போடு."

டெய்சி போனை நீட்டினாள். மாஸ்டர் பார்த்தார். ஒன்பது வினாடி. முடிந்ததும், "இன்னொருக்க" என்றார். அதுவும் முடிந்தது.

"சுடரு, இதுல நடுக்கோடு எங்க இருக்கு?"

சுடர்க்கொடி போனை எட்டிப் பார்க்கவில்லை.

"தெரியல."

"தெரியலயா, இல்லையா?"

"இல்ல. வீடியோல கோடு இல்ல மாஸ்டர்."

"தொடை தட்டுனப்ப எங்க நின்ன? அந்த எடத்துல போயி நில்லு."

சுடர்க்கொடி ஆடுகளத்தில் எதிரணிப் பக்கம் போய் நின்றாள். நடுக்கோடு அவளுக்குப் பின்னால் இருந்தது. கையை நீட்டினால் எட்டாது, பாய்ந்தால் எட்டலாம்.

"பாடு."

"கபடி கபடி கபடி..."

மாஸ்டர் மெதுவாக நடந்து வந்தார். வலிக்கிற முழங்காலை மடக்கி மண்ணில் உட்கார்ந்தார். அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பற்றினார்.

"கோட்டுக்குப் போ."

சுடர்க்கொடி திமிறினாள். விழுந்தாள். மண்ணில் நகத்தை ஊன்றி இழுத்தாள். கபடி கபடி என்ற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மாஸ்டரின் பிடி குறையவில்லை. கோட்டின் வெள்ளைக்கு ஒரு விரல் தூரத்தில் அவள் மூச்சு நின்றது.

"பாயிண்ட் யாருக்கு?"

மண்ணில் முகம் கிடந்தபடியே, "பிடிச்சவங்களுக்கு" என்றாள்.

"மூணு பேரத் தொட்டியே?"

"தொட்டா மட்டும் போதாது. பாட்டு நிக்கறதுக்குள்ள திரும்பி வந்து கோட்டத் தொடணும்."

"அன்னைக்குத் தொட்டியா?"

டெய்சி போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றவளை, வேடசந்தூர் அணியின் வளர்மதி பாய்ந்து கணுக்காலில் பிடித்தாள். இதே போல. இதே ஒரு விரல் தூரம். புள்ளி வேடசந்தூருக்குப் போனது, ஆட்டமும் போனது. வீடியோ எடுத்தவர்கள் அதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள்.

"வெட்டுனது நான் இல்ல" என்றாள் சுடர்க்கொடி.

"யாரு வெட்டுனதுன்னு கேக்கல."

"நாலு லட்சம் பேரப் பொறுத்தவரைக்கும் நான் ஜெயிச்சவ."

"அந்த நாலு லட்சத்துல சேராதவ ஒருத்தி இங்க மண்ணுல கெடக்காளே. அவளுக்கு?"

சுடர்க்கொடி வாயில் ஒட்டியிருந்த மண்ணைத் துப்பினாள். மாஸ்டர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யார் யாரைத் தூக்கினார்கள் என்று சொல்ல முடியாது.

*

வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற பேருந்தில் சுடர்க்கொடி அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினாள். 'வீடியோவில் இருப்பது நான்தான். இது நான் பாடிப் போய்த் தோற்ற ரைடு. இதற்கு அடுத்த வினாடி என்னைப் பிடித்துவிட்டார்கள். பிடித்தவள் பெயர் வளர்மதி. அவளையும் காட்டுங்கள்.'

கள்ளிமந்தயம் நிறுத்தம் வருவதற்குள் அது காணாமல் போயிருந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி காணவில்லை. மூன்றாம் முறை அந்தப் பக்கத்துக்காரர்களிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது. 'சிஸ்டர், நல்லாப் போயிட்டிருக்கு, கெடுத்துடாதீங்க. ரீச் போயிடும்.'

'மூஞ்சியப் பாத்தா தூக்கம் வராது' அங்கேயே இருந்தது. அதற்கு மட்டும் ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள். ஆயிரம் பேர் சண்டையும் போட்டிருந்தார்கள்.

அவள் வாய்விட்டு, "அடப்பாவிங்களா" என்றாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "உங்கள இல்லண்ணே" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் துப்பட்டாவை முகத்திலிருந்து அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். காற்று வந்தது.

*

மறுநாள் காலையில் அனுபமா கேமராவோடு வந்தார். மாஸ்டர் மைதானத்தின் அந்தக் கோடியில் மண்ணைக் கிளறிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"முதல்ல க்ளோசப். சிரிக்க வேண்டாம்மா, கொஞ்சம் வாட்டமா இரு. இது 'முன்'. அப்புறம் கிரீம் போட்டது 'பின்'."

"ஒரு நிமிஷம்" என்றாள் சுடர்க்கொடி. "இந்த முகம் எதுக்கு 'முன்'?"

"புரியல."

"இது என் முகம். இதோடதான் எதிராளி பக்கம் போறேன், வர்றேன். இது எதுக்கும் முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. நேத்து என் கான்ஃபிடன்ஸ்தான் வேணும்னு சொன்னீங்க. அது இந்த முகத்துலதான இருந்துச்சு? அத அழிச்சிட்டு அப்புறம் எத விப்பீங்க?"

அனுபமா கேமராக்காரரைப் பார்த்தார். அவர் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. என்னப் பாராட்டி எழுதினா உங்களுக்கு லாபமா?"

"ஆமா."

"திட்டி எழுதினா?"

"அதுவும்தான். நிறையப் பேர் வந்து நிப்பாங்க."

"அதப் படிச்சிட்டு நான் வீட்ல உக்காந்து அழுதா?"

அனுபமா கையிலிருந்த செருப்பை மாற்றிப் பிடித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் போலிருந்தது. "அப்பதாம்மா கிரீம் வாங்குவே" என்றார் மெதுவாக.

"நீங்க போடறீங்களா இத?"

"எனக்கு ஒத்துக்கல. அலர்ஜி."

டெய்சி சிரித்துவிட்டாள். அனுபமாவும் சிரித்துவிட்டார்.

"நானும் காலேஜ்ல த்ரோபால் ஆடினவதாம்மா. வேலைன்னு வந்தா என்ன பண்ண? சரி, உனக்கு என்ன வேணும்னு சொல்லு. மேல கேட்டுப் பாக்கறேன்."

"ரைடு முழுசா எடுங்க. நான் போறதுலேருந்து கோட்டத் தொட்டுத் திரும்பற வரைக்கும். நடுவுல வெட்டக் கூடாது. பிடிச்சிட்டாங்கன்னா அதயும் போடுங்க. முகத்துல எதயும் பூசாதீங்க. அதுக்கு நான் தயார். மேட்டும் வாங்கிக்கறோம்."

அனுபமா தள்ளிப் போய்ப் போனில் பேசினார். சீக்கிரமே திரும்பி வந்தார்.

"ஒரு முழு ரைடுன்னா முப்பது வினாடியாம், அவ்வளவு நேரம் யாரும் பாக்க மாட்டாங்களாம். கோடெல்லாம் எதுக்குன்னு கேக்கறாங்க. தட்டுறது மட்டும் போதுமாம்."

"அப்ப வேண்டாம்."

சொல்லிவிட்டுத்தான் அவள் அணியைப் பார்த்தாள். ஒருத்தி முழங்காலில் காய்ந்திருந்த பொருக்கைத் தடவிக்கொண்டாள். அங்கே ஒரு மேட் விரித்து வைத்திருந்து இப்போதுதான் யாரோ சுருட்டிக்கொண்டு போனது போல எல்லோரும் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கார் கிளம்பிப் போனது. சுடர்க்கொடி மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடந்தாள்.

"மாஸ்டர், மேட் போச்சு."

மாஸ்டர் நிமிர்ந்தார். முந்தானையில் பொறுக்கி வைத்திருந்த கற்களை வேலிக்கு வெளியே கொட்டினார்.

"தண்ணி தெளி. புழுதி பறக்கு."

அவள் குடத்தைத் தூக்கினாள். முதல் முறையாக விவாதிக்காமல். டெய்சி ஓடி வந்து குடத்தின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"மூஞ்சிக்கு விலை ஏத்திட்ட போல" என்றாள்.

"விக்கலடி."

"அதான் சொல்றேன். விக்காத சாமானுக்குத்தான் சந்தையில விலை ஏறும். எங்கப்பாகிட்டக் கேளு."

*

பழனியில் போட்டி. மண் ஆடுகளம்தான். கடைசி ஆட்டத்தில் எதிரே வேடசந்தூர்.

சுற்றிலும் கூட்டம். சுடர்க்கொடி களத்தில் இறங்கியதுமே யாரோ கண்டுகொண்டார்கள். "டேய், தொடைதட்டிடா! வீடியோல வந்தவ!" போன்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. அவள் மூச்சை இழுத்து நிறுத்தி நடுக்கோட்டைத் தாண்டியபோது, கூட்டமே போனுக்குப் பின்னால் இருந்தது.

"கபடி கபடி கபடி கபடி..."

வலது பக்கம் ஒருத்தி முன்னால் வந்தாள். சுடர்க்கொடி போகிற மாதிரிக் காட்டி, திரும்பி, புறங்கையால் அவள் இடுப்பைத் தொட்டாள். அதே வேகத்தில் காலை நீட்டினாள். இன்னொருத்தியின் பெருவிரல்.

"தட்டு! தட்டு! தட்டு!"

கூட்டம் கத்தியது. வளர்மதியும் அதற்காகத்தான் காத்திருந்தாள். போன முறை அங்கேதான் அவளுக்கு அந்தக் கணுக்கால் கிடைத்தது. சத்தம் உச்சத்துக்குப் போனபோது அவள் சரியாக அந்த இடத்தை நோக்கிப் பாய்ந்தாள்.

அங்கே மண்தான் இருந்தது.

சுடர்க்கொடி நடுக்கோட்டை விரலால் அல்ல, முழு உடம்பாலும் தாண்டி விழுந்தாள். தன் பக்கத்து மண்ணில் உருண்டாள். அப்போதும் அவள் வாய் கபடி கபடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவர் இரண்டு விரலை உயர்த்தினார். டெய்சி எகிறிக் குதித்தாள். வளர்மதி மண்ணிலிருந்து எழுந்து, அவளைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டினாள். சுடர்க்கொடியும் ஆட்டினாள்.

"ச்சே, தட்டலப்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அவ இல்ல போலடா. இது வேற பொண்ணு."

போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சிலர் இறங்கிய போனிலேயே வேறு எதையோ பார்க்க ஆரம்பித்தார்கள்.

சுடர்க்கொடி எழுந்து நின்றாள். முகமெல்லாம் மண். வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. தன் இடத்துக்கு நடந்தாள்.

"சுடரு."

கோட்டுக்கு வெளியே பெஞ்சில், வலிக்கிற காலை நீட்டி மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர்?"

"தட்டு."

அவள் சுற்றும் பார்த்தாள்.

"எல்லாரும் போனை இறக்கிட்டாங்க மாஸ்டர்."

"பாத்தேன்" என்றார் மாரிக்கனி. "இப்பத் தட்டு."